மீன் பெட்டிக்குள் கிடைத்த பதில்

நான் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறேன் என்று என் வீட்டிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். இந்தச் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காலில் புண் வந்தது பிறகு. அதற்கு முன்பே அந்தப் பேச்சு என்னை மாதாவின் முன்னால் முழங்காலில் தள்ளிவிட்டது.

நம் அன்பிய ஜெபக் கூட்டத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரோஸ்மேரி. கரைக்கு வள்ளம் வந்ததும் மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, கம்பெனி வண்டிகளுக்குக் கொடுக்கிற வியாபாரம். வீட்டுக்காரர் காலமான பிறகு இதை வைத்துத்தான் மகனை ஆளாக்கினேன். அவன் இப்போது கப்பலில் இருக்கிறான். வீட்டில் நானும் மருமகள் ஜெனிபாவும் மட்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கரையில் என்னோடு விலை பேசியவர்களைக் கேட்டால் தெரியும். மாதாவிடமும் அதே வாயோடுதான் பேசுவேன், அதற்கென்று வேறு வாய் எனக்குக் கிடையாது.

கிறிஸ்துமஸ் கழிந்த சமயத்தில் டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தினார். இனி இன்சுலின் ஊசிதான், காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்றார். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், வெயில் ஆகாது என்றும் சொன்னார். நான் காலையில் இட்லி தின்பது கரையில்தான். அப்படியென்றால் மருந்தும் என்னோடு கரைக்கு வந்தாக வேண்டும். குளிர்ச்சியாக வைப்பதை எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? என் பிழைப்பே அதுதானே. மருந்துக் குப்பியைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கரைக்குப் போனதும் மீன் பெட்டி ஐஸுக்குள் புதைத்துவிடுவேன். எங்கள் தொழிலில் ஐஸோடு கல்லுப்பும் தூவுவோம். உப்பு சேர்ந்தால் குளிர் கடுமையாகும், வெயிலில் தாக்குப்பிடிக்கும். எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? தாராளமாகவே தூவுவோம்.

ஊசி போடும் நேரம் வந்ததும் டப்பாவைத் தோண்டி எடுப்பேன். சில நாள் குப்பி கல்லைப்போல இறுகியிருக்கும். உள்ளங்கையில் வைத்து உருட்டுவேன். இளகியதும் சிரிஞ்சில் ஏற்றி வயிற்றில் போட்டுக்கொள்வேன். மாலை ஊசியும் வீட்டில் அதே குப்பியிலிருந்துதான். உருட்டித்தான் போட வேண்டும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். அதனால் எல்லாம் சரியாகச் செய்கிறேன் என்ற பெருமைகூட எனக்கு இருந்தது.

ஆனால் சுகர் இறங்கவில்லை. எப்போது சோதித்தாலும் முந்நூறைத் தாண்டியே நின்றது. டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார். வயிற்றைத் தடவிப் பார்த்து, ஒரே இடத்தில் குத்தித் தடித்துப்போயிருக்கிறதா என்று பார்த்தார். அப்படி எதுவும் இல்லை. "மருந்த எங்கம்மா வைக்கிறீங்க?" என்று கேட்டார். "ஃப்ரிட்ஜவிடக் குளிர்ச்சியா வச்சிருக்கேன் டாக்டர்" என்றேன். அவர் சிரித்துவிட்டு எழுதத் தொடங்கினார். என் மீன் பெட்டி அவருக்கு எப்படித் தெரியும்?

தவக்காலம் வந்தது. எப்போதாவது தொடுகிற கொஞ்ச இனிப்பையும் ஒறுத்தலாக விட்டேன். அப்போதும் சுகர் இறங்கவில்லை. ஒருநாள் ஜெனிபா சீனி டப்பாவையும் கருப்பட்டியையும் எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். பூட்டிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, உள்ளதச் சொல்லுங்க. கரையில டீக்கடையில சீனி போட்டுத்தான குடிக்கீங்க?"

"ஏளா, மாதா சத்தியமாச் சொல்லுதேன். சீனி டீ எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு."

"பெறகு ஊசி போட்டும் ஏன் எறங்க மாட்டேங்கு? ஒண்ணு ஊசி போடல, இல்ல இனிப்பு திங்கீங்க. ரெண்டுல ஒண்ணுதான மாமி இருக்க முடியும்?"

 அவள் கணக்கில் பிழையே இல்லை.  மகனிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் நடுக்கடலிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, வாயக் கட்டுங்கம்மா" என்றான். பெற்ற பிள்ளையும் நம்பவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

சித்திரையில் கரையில் கிடந்த கெளுத்தி மீன் முள் என் செருப்பைத் துளைத்து, பெருவிரலுக்குக் கீழே ஏறியது. முள் குத்துவது எங்களுக்குப் புதிதல்ல. மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்தப் புண் ஆறவே இல்லை. ஓரம் கறுக்கத் தொடங்கியதும் ஜெனிபாதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"கொடியேத்தம் வரைக்கும் பாக்கலாம்" என்றார். "அதுக்குள்ள சுகர் எறங்கலன்னா இந்த விரல எடுக்க வேண்டி வரும். விரலோட நிக்கும்னும் என்னால சொல்ல முடியல."

மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறும் நாளைத்தான் சொன்னார். அதற்கு அதிக நாள் இல்லை. என் தொழில் முழுக்க நின்றுகொண்டே செய்வது. கால் போய்விட்டால் கரை போய்விடும். கரை போய்விட்டால் நான் அந்த வீட்டில் ஒரு மூலையில், சீனி திருடித் தின்று காலை இழந்த கிழவியாகக் கிடப்பேன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், செத்தாலும் தேவலை என்று நினைத்தேன்.

கரைக்குப் போகிற வழியில் மாதா சிலை வைத்த குருசடி உங்களுக்குத் தெரியும். ஜெனிபா பீரோவைப் பூட்டிய நாளிலிருந்தே, ஏலம் முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். முதலில் எல்லோரையும்போல, "தாயே, சுகர எறக்கித் தா" என்று கேட்டேன். நவநாள் முடித்தேன். மெழுகுதிரி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சண்டை போட்டேன். "நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க? நான் சீனி தின்னேனா? ஒரு நாளாவது ஊசிய விட்டேனா? சொல்லேன் அவகிட்ட" என்று நடுப்பகல் வெயிலில் சத்தமாகவே கேட்டேன். அந்த வழியாகப் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை. கட்டுப் போட்ட காலைப் பிளாஸ்டிக் பையில் நுழைத்து வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அப்போது வேறொரு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, நான் ஊசி போடுதது நெசம். சுகர் எறங்காததும் நெசம். அப்போ எனக்குத் தெரியாம என்னமோ நடக்கு. அது என்னன்னு எனக்குக் காட்டும்." இவ்வளவுதான். அதுவரைக்கும் நான் அவரிடம் வேலை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

அதே வாரத்தில் பதில் வந்தது. ஒரு சத்தமோ வெளிச்சமோ இல்லை. வந்ததும் நஷ்டமாகத்தான் வந்தது.

நிற்க முடியாததால் பெட்டி கட்டுகிற வேலையை அந்தோணியம்மாவிடம் விட்டிருந்தேன். வெகு காலமாக என்னோடு கூட்டுச் சேர்ந்து வியாபாரம் பார்ப்பவள். முந்தின நாள் சாயங்காலம் அவள் தனியாகவே விளைமீனுக்கு ஐஸ் போட்டு வைத்திருந்தாள். காலையில் நான் போய், வழக்கம்போல மருந்து டப்பாவைப் பக்கத்துப் பெட்டியில் புதைத்துவிட்டு ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். ஊசி போட நேரம் ஆகவில்லை. கம்பெனி வண்டிக்காரர் வந்து பெட்டியைத் திறந்தார். ஒரு மீனை எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பெருவிரலால் அமுக்கினார். அமுக்கிய குழி அப்படியே நின்றது.

"இது வேண்டாம்க்கா" என்றார். "மீனு வெறச்சு எளகியிருக்கு. மேல பாக்க நல்லாத்தான் இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

அவர் போனதும் நான் அந்தோணியம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏளா, உப்ப இப்படி அள்ளிக் கொட்டுனா மீனு வெறைக்காம என்ன செய்யும்? ஒரு தடவ வெறச்சுப்போனா அவ்வளவுதான், பெறகு எளகி என்ன புண்ணியம்? பாக்க மீனு மாதிரி இருக்கும். உள்ள சத்து இருக்காது. இத்தன வருசமா ஐஸ் போடுத, இது கூடவா..."

 என் கை தானாகப் பக்கத்துப் பெட்டிக்குள் போயிற்று. ஐஸையும் உப்பையும் ஒதுக்கி டப்பாவை எடுத்துத் திறந்தேன். குப்பி கல்லாக இருந்தது. எத்தனை காலை அதே குப்பியை அதே மாதிரிப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் எனக்குப் புரிந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். இளகியபோது தயிர் திரிந்த மாதிரி சின்னச் சின்னத் துகள்கள் அதில் மிதந்தன.

அந்தோணியம்மா பயந்துவிட்டாள். "என்னக்கா, மூஞ்சி வெளிறிப் போச்சே? மயக்கம் வருதா?"

"இதுவும் வெறச்ச மீனுதாம்ளா" என்றேன். "இவ்வளவு நாளும் செத்த மருந்தப் போட்டிருக்கேன்."

அந்த டப்பாவோடு ஆட்டோ ஏறினோம். டாக்டரம்மா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொடங்கின நாளிலிருந்து இப்படித்தான் வைக்கிறேன் என்றதும் அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஒரு தடவ உறைஞ்சாலே இந்த மருந்து வீண்மா. இவ்வளவு மாசமா நீங்க தண்ணி போட்டுக்கிட்டது மாதிரிதான்." நானும் விளக்கமாகக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று அவரும் வருத்தப்பட்டார். புது மருந்து எழுதினார். அளவை வெகுவாகக் குறைத்தார். பழைய அளவை நல்ல மருந்தில் போட்டால் சுகர் ஒரேயடியாக விழுந்து உயிருக்கே ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சில நாள் அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினார்.

சுகர் இறங்கத் தொடங்கியது. முதல் தடவை இருநூறுக்குக் கீழே வந்ததாக நர்ஸ் சொன்னபோது ஜெனிபா பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மாமி, நான் உங்கள நம்பல."

"நீ கேட்டதுல என்னளா தப்பு? ரெண்டுல ஒண்ணுதான இருக்கணும்? மூணாவதா ஒண்ணு இருக்கும்னு எனக்கே தெரியலையே."

கறுத்த சதையை டாக்டர்கள் சுரண்டி எடுத்தார்கள். அடியில் சிவப்பாகப் புதுச் சதை வந்தது. கொடியேற்றத்தன்று அந்தோணியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன். பத்து விரலோடும் நின்றேன். கொடி ஏறுவதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, கண் மறைத்துவிட்டது. "அன்னைக்கு நீ உப்பு கூடப் போட்டியே, உன்னை வானத்துச் சம்மனசுதான் அனுப்பியிருக்கு" என்று அவளிடம் சொன்னேன். "அப்போ அந்தப் பெட்டி நஷ்டத்தையும் சம்மனசுகிட்டயே வாங்கிக்கிடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனிபா பீரோவைத் திறந்து சீனியையும் கருப்பட்டியையும் அடுப்படிக்கு எடுத்துப் போனாள். எனக்குத்தான் ஆகாதே, எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டேன். "உங்களுக்கில்ல மாமி. பூட்டி வச்சது எனக்கு உறுத்துது" என்றாள். இப்போது கரைக்குப் போகும்போது மருந்தை ஒரு கவரில் கட்டி, ஈரத்துணி சுற்றிய சின்ன மண் கலயத்தில் வைத்து அவளே கொடுத்துவிடுகிறாள். ஐஸ் பக்கம் அதைக் கொண்டுபோவதே இல்லை.

ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன், சகோதரிகளே. எங்கள் தெருவில் என்னைவிட அதிகமாக ஜெபித்த ஒருவர் சுகரில் காலை இழந்தார். அவருடைய விசுவாசம் என்னுடையதைவிடப் பெரியது. அவருக்கு ஏன் கிடைக்கவில்லை, எனக்கு ஏன் இத்தனை மாதம் கழித்துக் கிடைத்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேச மாட்டேன். ஒன்று மட்டும் நான் கண்டேன். ஆண்டவர் எனக்குப் பதிலை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. நான் வாழ்நாள் முழுக்கக் கரையில் கத்திக்கொண்டிருந்த வார்த்தையை எடுத்து, அதை எனக்கே கேட்க வைத்தார்.  இப்போது யாரையாவது திட்ட வாயெடுத்தால், இது எனக்கா அவளுக்கா என்று ஒரு நொடி நிற்கிறேன். எல்லா நாளும் நிற்பதில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஜெபம் ஒன்று இருக்கும். இன்று ஒரு தடவை அதை மாற்றிக் கேளுங்கள். எனக்குத் தெரியாதது என்ன, காட்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு டாக்டரிடமும் கேளுங்கள், கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்களில் ஊசி போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். செபமாலை முடிந்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். மருந்து ஐஸ் கட்டுகிற தட்டிலோ அதை ஒட்டியோ இருந்தால் எடுத்துவிட்டு, காலையில் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் மருமகளும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறாள். அப்படியே, வீட்டில் யாராவது "நான் சரியாத்தான் போடுதேன்" என்று சொன்னால், இன்னொரு தடவை அவர்களை நம்பிப் பாருங்கள்.