ஹெச்.எம். கேட்ட செல்வியின் நம்பர்

எங்கள் எஸ்டேட் ஸ்கூல் ஹெச்.எம். நேற்று மதியம் இறந்துவிட்டார். பழைய மாணவர்கள் குரூப்பில் அப்போதிருந்து கைகூப்பும் பூவும்... "அறிவுக்கண் திறந்தவர்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான்.

அங்கே நான் எதுவும் போடவில்லை. இங்கே போடுகிறேன்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக்கிடந்த காலம். கோத்தகிரிப் பக்கம் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக்கொடுத்த எங்கள் லயன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ஆட்கள் திருப்பூருக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஐந்தாம் வகுப்பில் மிச்சம் ஒன்பது பேர். எங்கள் டீச்சர் டிரான்ஸ்ஃபர் வாங்கிப் போய்விட்டார். சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னார் ஹெச்.எம்.

நாங்கள் உட்காரவில்லை. என் சிநேகிதி செல்வியும் நானும் ஒரு கேம் செய்தோம்.

பழைய காலண்டரின் பின்பக்கம் கட்டம் போட்டோம். எஸ்டேட்டிலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் போய்ச் சேர வேண்டும். பனி இறங்கினால் ஒரு ஆட்டம் போச்சு. காட்டெருமை குறுக்கே நின்றால் இரண்டு. கேரட்டில் செதுக்கிய தாயக்கட்டை, இரண்டே நாளில் சுருங்கி ஒரே பக்கமாக விழும்...

அறுபத்து நாலு கட்டத்தை ஐந்து ஸ்டாப்புக்குச் சமமாகப் பிரிக்கப் பார்த்தோம். நாலு கட்டம் மிஞ்சியது. ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் மிஞ்சிய நாலையும் டீக்கடை ஆக்கினோம். மீதி என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

செல்விக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே வராது. ஆனால் ரூல் எல்லாம் தானே எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இல்லாவிட்டால் நாங்கள் மாற்றிப் படித்து ஏமாற்றுவோமாம்.

ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள். ரூலில் ஓட்டை இருந்தால் சண்டை வரும். சண்டை வந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். அப்படித்தான் வாசிக்கக் கற்றாள்.

ஒரு நாள் ஹெச்.எம். உள்ளே வந்தார். காலண்டரையும் ரூல் நோட்டையும் எடுத்துக்கொண்டு நேராகப் போய் சத்துணவு அடுப்பில் போட்டார்.

"சார், நான் அதப் படிச்சுக் காட்டறேன் சார்" என்று செல்வி பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வராந்தாவில் நின்று கேட்டேன்.

"இந்தப் புள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்க. திருப்பூர் போறப்பக் கூட்டிட்டுப் போயிருங்க. கைவேலையாவது பழகட்டும்."

போய்விட்டார்கள். பத்து வயதில் பனியன் கம்பெனியில் நூல் வெட்டினாள்.

நான் டீச்சர் ஆனேன். மூன்று வருஷம் முன்னால், நாலாவது படிக்கும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அதே ஹெச்.எம். என் வகுப்புக்கு வந்தார். வகுத்தல் என்றாலே அழுகிறாளாம், கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். என்னை அடையாளம் தெரியவில்லை.

பார்த்துக்கொண்டேன்.

என் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் சொந்தமாக கேம் செய்வார்கள். அவளும் செய்தாள், வகுத்தலும் வந்தது. ரூல் எல்லாம் அவளே எழுதினாள், ஒன்றைத் தவிர. அதை எழுதிக் கொடுத்தது நான்.

"இந்தக் கட்டத்தில் நின்றால், செல்வி செய்த கேமை ஹெச்.எம். அடுப்பில் போட்டுவிட்டார். ஆட்டத்தை விட்டு வெளியே போ."

தாத்தாவோடு விளையாடு, அந்தக் கட்டம் வந்தால் அவரையே சத்தமாக வாசிக்கச் சொல் என்றேன்.

குழந்தையை வைத்துச் செய்தேன். ஆமாம்.

நாலாம் நாள் வந்தார். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏனுங்க டீச்சர்... அந்தப் புள்ள செல்வி, இப்ப எங்கீங்க இருக்குது?"

"நீங்க அனுப்புன எடத்துலதான் சார்."

நம்பர் கேட்டார். ஒரு வார்த்தை பேச வேண்டுமாம். முடியாது என்றேன்.

அப்புறமும் மூன்று தடவை வந்து கேட்டார். கடைசியாக வந்தது போன மாதம், கைத்தடியோடு, மழையில். அவர் திரும்பி நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நன்றாக இருந்தது. எதற்குப் பொய்... ரொம்ப நன்றாக இருந்தது.

நேற்று ராத்திரி செல்விக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தினாள்.

"மூணு வருசமாக் கேட்டாரா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே புள்ள."

உனக்காகத்தான் என்றேன்.

"எனக்கு அவர்கிட்டக் கேக்க ஒன்னு இருந்துச்சு. இனி யாருகிட்டக் கேக்கறது?"

என்னவென்று கேட்டேன். சொல்லாமல் வைத்துவிட்டாள்.

இன்று பதினொரு மணிக்கு எடுக்கிறார்களாம். மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டதாக செல்வியிடமிருந்து மெசேஜ். என்னை வரச் சொல்லவில்லை.

சார், நான் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை.

அவள் வந்துகொண்டிருக்கிறாள். அதுவரை இருங்கள்... அப்புறம் போங்கள்.