அம்சவேணி நெருப்புக்குக் கொடுக்காத கால்கள்

ரங்கூனின் லான்மடாவ் பேட்டைச் சந்துகளில் அவித்த கடலை விற்ற அம்சவேணிக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று ராணுவம், மற்றொன்று கோயில். இரண்டோடும் அவள் மோதியது மகன் குணசீலனின் படிப்புக்காக.

அது 1998. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள் என்பதற்காக ரங்கூனில் கல்லூரிகளை இழுத்துப் பூட்டி இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வீட்டில் முடங்கிக் கிடக்க, ராணுவத்தின் பொறியியல் கல்லூரி மட்டும் திறந்திருந்தது. சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அரசு செலவு. படித்து முடித்தால் சீருடை போட வேண்டும். பூட்டிய கையே பிச்சையும் போட்டது. அதற்கு உதவித்தொகை என்று பெயர்.

"அவனுங்க காலேஜுக்கா பையன அனுப்புற?" என்று கடலை வாங்க வந்த அப்துல் பாரி கேட்டார்.

"பூட்டுனவன் கையிலதானே பாய் சாவி இருக்கு? எம்புள்ள படிச்சிட்டு வரட்டும். அப்புறம் சண்டை போட்டுக்கறேன்."

எழுத்துத் தேர்வில் குணசீலன் தேறினான். அடுத்தது ஓட்டம். அதற்குப் பயிற்சி கொடுக்க வாத்தியார் யாரும் இல்லை. விடியற்காலையில் கடலைப் பொட்டலங்களை அவன் முதுகில் கட்டி, "ஆறறதுக்குள்ள லத்தா தெருவுக்குக் கொண்டுபோய்க் குடு" என்று விரட்டுவாள். அந்தத் தெருவின் நூடுல்ஸ் கடைக்காரர்கள் ஆறிய கடலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அவன் உண்மையாகவே ஓடினான்.

இந்த நேரத்தில்தான் சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கும் அவள் கணவர் ரெங்கசாமி குண்டைப் போட்டார். எழுத்துத் தேர்வில் தேறினால் மகனைப் பூக்குழியில் இறக்குவதாக அவர் அம்மனிடம் வேண்டியிருந்தார். தீமிதி வெள்ளிக்கிழமை. ஓட்டம் அதற்கடுத்த திங்கட்கிழமை.

"எம்புள்ள இறங்க மாட்டான்" என்று அம்சவேணி கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"சாமிக்குக் குடுத்த வாக்கும்மா. மீறினா குடும்பத்துக்கு ஆகாது" என்றார் தர்மகர்த்தா விநாயகமூர்த்தி.

"வாக்குக் குடுத்தது இவருண்ணே. இவரையே இறங்கச் சொல்லுங்க."

ரெங்கசாமி பதறினார். "ஏ புள்ள, என் கால் வெந்துபோச்சுன்னா சைக்காவ யாரு மிதிப்பா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கேட்டுக்கிட்டீங்களாண்ணே? இவருக்கு வெந்தா கால். எம்புள்ளைக்கு வெந்தா பக்தியா?"

"பக்தி இருந்தா வேகாதும்மா."

"அப்ப முதல்ல நீங்க இறங்குங்க. பின்னாடியே அவன அனுப்புறேன்."

தர்மகர்த்தா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை குணசீலன் பூக்குழியில் இறங்கவில்லை. திங்கட்கிழமை மைதானத்தில் முதலாவதாக வந்தான். வேலிக்கு வெளியே நின்ற அம்சவேணி கடலைக்கூடையைத் தட்டித் தட்டி ஆர்ப்பரித்தாள். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பர்மியப் பெயர் உண்டு. அவன் பெயர் அங்கே மின் நாயிங். விண்ணப்பத்தில் அந்தப் பெயரைப் படித்துத் தலையாட்டிய அதிகாரி, அடுத்த வரியில் தகப்பன் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ரெங்கசாமியா? கலாவா நீ?"

இந்தியனைப் பார்த்து இந்த நாட்டில் காறித் துப்பும் சொல் அது. பையனின் நெஞ்சிலிருந்த எண் துணியைப் பிய்த்தெடுத்து, வரிசைக்கு வெளியே போகச் சொன்னார். அவனுடைய பாட்டன் இந்த ஊருக்கு ரயில் பாதை போட்டவர். அப்பன் பிறந்தது இங்கே, அவன் பிறந்ததும் இங்கே. பாதை போடும்போது யாரும் பெயர் கேட்கவில்லை.

அம்சவேணி வேலியைப் பிடித்து உலுக்கி, பர்மிய மொழியில் கத்தினாள்: "ஓடினது அப்பன் பேரா, பையன் காலா?"

காவலாள் துப்பாக்கிக் கட்டையால் அவளைத் தள்ளிவிட்டான். கூடை கவிழ்ந்து கடலை மண்ணில் சிந்தியது.

வீட்டில் ரெங்கசாமி தலையில் அடித்துக்கொண்டார். "சாமி குத்தம்! தர்மகர்த்தா சொன்னாரே, கேட்டியா?"

"தள்ளினது சாமியா? பட்டாளச் சட்டை போட்ட மனுசன். இத்தன வருசமா இறங்கினவங்க புள்ளைங்க எத்தன பேரு அந்த காலேஜுக்குள்ள போனாங்க? ஒருத்தன் பேரச் சொல்லுங்க."

ரெங்கசாமி போய் மூலையில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் அவள் பொட்டலங்களை மகனின் முதுகில் கட்டினாள்.

"இன்னிக்கு நடந்து போகட்டாம்மா?"

"ஓடு. அடுத்த வருசமும் ஓடணும்."

அவன் படியில் தயங்கி நின்றான். "அடுத்த தடவை அப்பா பேரையும் பர்மாப் பேரா எழுதிடலாமா?"

மூலையில் படுத்திருந்த ரெங்கசாமி மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"பெருசா எழுது" என்றாள் அம்சவேணி. "ரெங்கசாமின்னு. தூரத்துல இருந்தே அவனுங்களுக்குத் தெரியட்டும்."