பார்த்ததா, கேட்டதா?

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், கருவாட்டுக் கூடையில் ஆரம்பித்து மூன்று படகுக்கு முதலாளி ஆனவன். பிரெஞ்சுக்காரன் கிளம்பிப் போன புதுசில், சில வருஷம் முன்னே அடித்த புயலைப் பற்றிக் கட்டுரை எழுத ஒரு காலேஜ் பெண் எங்கள் குருசுக்குப்பம் வந்து என்னைத்தான் தேடியது. ஒல்லியான பெண், விரலெல்லாம் மை. யார் எதைச் சொன்னாலும், "பார்த்ததா, கேட்டதா?" என்று விசாரித்து, சொன்னவர் பெயரோடுதான் நோட்டில் எழுதும்.

புயலில் கவிழ்ந்த கட்டுமரத்திலிருந்து இரண்டு பேரை நானே கரை சேர்த்தேன் என்றேன். சேர்த்தவன் என் மச்சான். நான் அன்றைக்குத் தவளக்குப்பத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தேன்.

மறு வாரம் அந்தப் பெண் திரும்பி வந்தது.

"இன்னும் ரெண்டு பேரைக் கேளுன்னு வாத்தியார் சொன்னாரு, ஐயா. நீங்க பொய் சொல்ற ஆளு இல்லேன்னு அவருகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க கண்ணால பார்த்ததுதானே?"

"பார்க்கறது என்னம்மா, செஞ்சதே நான். எழுதிக்க."

மச்சான் பக்கத்தில்தான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். என் படகில் கூலிக்குப் போகிறவன், தலை நிமிரவில்லை.

கட்டுரை காலேஜ் மலரில் என் பெயரோடு அச்சாகி வந்தது. எனக்கென்று ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தது. அவ்வளவு விசாரித்து எழுதுகிற பெண். என்னை நம்பியது ஒன்றுதான் அது செய்த தப்பு.