கடல் பவுசர்

போன கிழமை, இங்கே கனடாவில் அஜக்ஸில் காருக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்து லொறிக்காரன் டீசலைச் சிந்திவிட்டான். அந்தக் குளிரில் மணம் எழும்பாது என்று நினைத்தேன். எழும்பியது. என்னை அறியாமல் போனை எடுத்துத் தவம் அண்ணையின் நம்பரை அழுத்திவிட்டேன். அவர் செத்து இரண்டு பனிக்காலம் போய்விட்டது. மறதி இல்லை, விரலின் பழக்கம். மறுமுனையில் யார் எடுத்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

டீசல் மணம் என்றால் எனக்கு நாங்கள் இருவரும் ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட்தான். நான் மஃபின் கொம்பனியில் பெட்டி ஒட்டினேன். அவர் லொறி யார்ட் ஒன்றில் எண்ணெய் நிரப்பினார். இருவருடைய ஜாக்கெட்டும் ஒரே ஆணியில் தொங்கும். என் கறியிலும் டீசல் மணக்கிறது என்பார். என் சமையலுக்கு அது பெரிய குறையென்று சொல்லமுடியாது.

தவம் அண்ணை திருகோணமலைக்காரர். இளவயதில் இலங்கைக் கடற்படைக்கு எண்ணெய் கொண்டுபோகும் கப்பலொன்றில் பம்ப் பார்த்தவர். சிப்பாய் இல்லை, சம்பளத்துக்கு நின்றவர். எங்கேயோ பழசாக வாங்கி, சாம்பல் நிறம் அடித்து யுத்தத்துக்கு விட்ட கப்பல் அது. ஊரில் எண்ணெய் லொறியைப் பவுசர் என்போம். இதை அவர் ‘எங்கட பவுசர்’ என்பார். கரையிலிருந்து தள்ளி அது நங்கூரமிட்டு நிற்கும். பொழுது படும் நேரத்தில் ரோந்துப் படகுகள் எல்லாம் அதனிடம் போய், முறைவைத்து ஒட்டிநின்று டீசல் அடிக்கும். ஹோஸில் வரும் முதல் டீசலை விரலில் தேய்த்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பேஸ்மென்டில் என் நல்லெண்ணெயையும் அப்படித்தான் தேய்த்துப் பார்ப்பார்.

எனக்கு அந்தக் கப்பல் கதைகள் எரிச்சலூட்டும். ஒருநாள் கேட்டேவிட்டேன். “அண்ணை, நீங்கள் ஊத்தின எண்ணெயிலதானே அவங்கள் எங்கட கரைக்கு வந்தவங்கள்?”

“ஓம்” என்றார். யுத்தம் முற்றியபோது, தமிழ்ப் பெயரோடு அவர் அதில் நிற்பது எந்தப் பக்கத்துக்கும் பிடிக்காமல் போக, இறங்கிக் கனடா வந்தவர் அவர். மனம் மட்டும் அந்தக் கப்பலிலிருந்து இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு யுத்தத்தின் கடைசி மாதங்கள் வந்தன. அவருடைய ஒரே தங்கை ராணி, புருசனோடும் பிள்ளைகளோடும் முல்லைத்தீவுக் கடற்கரையில் மிஞ்சிய துண்டு நிலத்தில் அகப்பட்டிருந்தாள். யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, நான் வேலை முடிந்து டவுன்ரவுனில் கொடியோடு நிற்கப் போவேன். அவர் வரமாட்டார். எங்கள் பேஸ்மென்டில் ஜன்னலடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே கதிரையைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்.

ஒரு காலை நான் தேத்தண்ணி ஊற்றும்போது அது அடித்தது. யாரோ ஒருவரின் சற்றலைட் போனில் ராணி. ஸ்பீக்கரில் ஷெல் விழும் சத்தமும் சேர்ந்து கேட்டது.

“அண்ணா, ஒரு படகு இருக்காம். இந்தியாப் பக்கம் ஓடலாம் எண்டு சொல்லினம். எந்த நேரம் வெளிக்கிடுறது? உங்களுக்குத்தானே கடல் தெரியும்.”

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். “இருட்டும் மட்டும் நிக்காதேங்கோ. பொழுது படேக்க வெளிக்கிடுங்கோ. அந்த நேரம் படகெல்லாம் பவுசரடிக்குப் போயிடும். கரையில ஒருத்தனும் நிக்கமாட்டான்.”

“சரியண்ணா. போய்ச் சேந்த உடன இந்த நம்பருக்கு எடுக்கிறன். இது ஒண்டுதான் எனக்குப் பாடம்.”

அவர் சொன்ன நேரத்துக்கே படகு வெளிக்கிட்டதென்று பின்னர் முகாமிலிருந்து ஒருவர் சொன்னார். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். “நேரம் சரியாத்தான் சொன்னனான். இந்தியாவில எங்கையாவது மறிச்சு வைச்சிருப்பாங்கள்” என்று அண்ணை என்னிடமும் சுவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவர் சோறு தின்றார்.

அடுத்த வருடம் ஒரு கலியாண மண்டபத்தில், அதே கப்பலில் முன்பு சமையல் செய்த ஒருவரைக் கண்டோம். ஒஷாவாவில் இருக்கிறாராம். இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். அண்ணை அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

“எங்கட பவுசர் இப்ப எங்க நிக்குது?” என்று கேட்டார்.

“அதுவோ? அதை எப்பவோ உடைக்கக் குடுத்திட்டாங்கள். சண்டை முடியிறதுக்குக் கனகாலம் முதலே.”

“அப்ப படகுகளுக்கு எண்ணெய்?”

“கரைக்குப் போய் அடிக்கிறதுதான். ஒண்டு போனா மற்றது காவலுக்கு நிக்கும். பொழுது படேக்க எல்லாம் கூடிப்போற வேலை அந்தக் காலத்தோட சரி.”

அண்ணை தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். சமையற்காரர் புரியாமல் என்னைப் பார்த்தார். ஜாக்கெட்டை எடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லி எழும்பினேன்.

நாலு-சுழி-ஒன்று நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது, அண்ணை முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். “ராணி கேக்கேக்க நான் ஸ்காபரோவில இருக்கேல்லையடா. அந்தக் கப்பலில நிண்டுதான் பதில் சொன்னனான்.”

அதன்பிறகு அவர் எண்ணெயைத் தேய்த்துப் பார்த்ததில்லை. கப்பலைப் பற்றிப் பேசியதும் இல்லை. ஆனால் போன் நம்பரை மட்டும் மாற்ற மறுத்தார். மலிவான பிளான் இருக்கிறது, புது நம்பர் எடுங்கள் என்று நான் புத்தி சொன்னபோது, “அவள் எடுத்தாலடா?” என்று கேட்டார். சாகும்வரை அதே நம்பர்தான்.

அந்தக் கப்பல் உருகி இப்போது எந்த வீட்டுக் கூரையில் கம்பியாகக் கிடக்கிறதோ. பேஸ்மென்ட் வீட்டையும் இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். அஜக்ஸில் நான் அழுத்திய நம்பரை, கொம்பனி யாரோ ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது. “ஹலோ, ஹூ இஸ் திஸ்?” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். வைக்க மனம் வரவில்லை. ராணி என்று ஒருத்தி எப்போதாவது எடுத்தால் என் நம்பரைக் கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

“ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.