அலமாரிக்கு வைத்த பொட்டு

தாம்பரத்தைத் தாண்டி இருந்த அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் நான் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பழைய தேக்குக் கட்டில், ஈட்டி மர நாற்காலி, தந்தம் பதித்த பெட்டி என்று ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. ஆயுத பூஜை முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று காப்பாட்சியர் சார் சொல்வதாக இருந்தது. அந்த வேலை மேல் எனக்கு உயிர்.

விடுமுறைக்கு முந்தின நாள் ஆபீஸ் பூஜை. கூட்டிப் பெருக்கும் அக்கா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் திணித்தார்.

"நான் போய் பொரி வாங்கியாரேன். எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுடும்மா, ஒண்ணையும் வுட்றாதே."

செம்பாக்கத்தில் எங்கள் வீடு ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு. சந்தனத்தில் விரல் வைத்ததே அன்றுதான். குளுகுளுவென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டருக்கு வைத்தேன், ஏணிக்கு வைத்தேன், துடைப்பத்துக்கும் வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஒன்றையும் விடக் கூடாதே! காட்சிக்கூடத்துக்குள் புகுந்தேன். கட்டில் கால்களுக்கு நான்கு, ஊஞ்சலுக்கு இரண்டு, மரக்குதிரையின் நெற்றிக்கு ஒன்று. குதிரைக்கு அமர்க்களமாக இருந்தது. கூட நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

பொரியோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாம்மா இது! வேலை செய்யிற சாமானுக்கு வெக்கச் சொன்னா, கட்டிலுக்கெல்லாம் வெச்சுகினு கீற!"

பின்னாலேயே சார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அவர் பஞ்சும் டார்ச்சும் எடுத்துவந்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து துடைத்தோம். பயத்தில் எனக்குச் சிரிப்பு வேறு பொத்துக்கொண்டு வந்தது, அக்காவுக்கும் தொற்றியது. தேக்கு அலமாரியின் அடிச்சட்டத்தில் ஒரு பொட்டு மட்டும் அசையவே இல்லை.

"இங்கேயுமா வெச்ச?" என்றார் சார்.

"சத்தியமா இல்ல சார்."

டார்ச் அடித்துப் பார்த்தோம். கறுத்துக் காய்ந்த பழைய பொட்டு. அதற்கு மேல்தான் வார்னிஷே பூசியிருந்தார்கள். அலமாரியைச் செய்தவரே வைத்தது போல.

சார் வெடித்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைப் பதிவேட்டுல ஏத்தும்மா" என்றார்.

"சார், லீவு முடிஞ்சு நான் வரணுமா?"

"நீ வராம இதை யார் எழுதுவா?"

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. அக்கா கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை வழித்து என் நெற்றியில் அப்பினார்.

"இனிமே நீயும் இந்த ஆபீஸைச் சேர்ந்தவ."

அப்படியே பஸ் ஏறினேன்.