இடது பக்கத்து நட்டுகள்

என் அக்கா புருஷனை நல்ல மனுஷன் என்று சொல்லாத ஆள் இல்லை. அவரோடு ஒரு நாள் வேலை பார்த்தவர்கள் மட்டும் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். மாமாவுக்குச் சொந்தமாக ஒரு பழைய பஸ் இருக்கிறது. ஓட்டுவது அவர். கண்டக்டர் என் அக்கா. அது படுத்துக்கொள்ளும்போதெல்லாம் எழுப்பிவிடுவது என் பட்டறை.

பஸ்ஸின் தரைத் தகட்டில் ஓட்டை விழுந்திருக்கும், கவலைப்பட மாட்டார். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்து மட்டும் தலை சீவலாம், அப்படித் துடைத்து வைத்திருப்பார். அவருக்குப் ‘பளபளா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் ஒரு காரியத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன், வீல் ஸ்பேனரோடு ஒரு சுற்று வந்து எல்லா நட்டுகளையும் இறுக்கிப் பார்ப்பார். அந்த ஸ்பேனரை அக்காவைக்கூடத் தொட விட்டதில்லை.

அந்தப் பஸ்ஸில் வலது பக்க நட்டுகள் எல்லா நட்டுகளையும் போலக் கடிகாரம் சுற்றும் பக்கம் இறுகும். இடது பக்கத்தில் மட்டும் தலைகீழ். பழைய வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். மாமாவின் கை அதற்குப் பழகியிருந்தது.

போன மாதம் ஆலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்க ஒரு பஸ் வேண்டும் என்று தெரிந்தது. “இதுவும் கிடைக்கலேன்னா வண்டியை வித்துட வேண்டியதுதான்டா,” என்றாள் அக்கா. அவள் கண் கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை. மாமா அதற்குச் செய்த ஏற்பாடு, எங்கிருந்தோ அலுமினிய வீல்களை வாங்கிக்கொண்டு வந்து என் பட்டறை வாசலில் இறக்கியது.

“மச்சான், இதை மாட்டு. ஆலைக்காரன் வாயைப் பொளந்துடுவான்.”

“மாமா, இது இரும்பு வீலைவிடத் தடிமன். நட்டு மாட்டுற பழைய ஸ்டட் நீளம் பத்தாது. நட்டு ரெண்டு சுத்து மரைதான் பிடிக்கும்.”

“ரெண்டு பிடிக்குதுல்ல?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்காவைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் நீளமான ஸ்டட்டுக்கு ஒத்துக்கொண்டார். சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பைக் கழற்றி, துருவேறிய பழைய ஸ்டட்டுகளைச் சம்மட்டியால் தட்டி வெளியே எடுப்பதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. மாமா ஸ்டூலில் உட்கார்ந்து வீல்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வீலுக்கு வரும் ஸ்டட்டுகளில் பஸ்ஸின் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மரைதான், கடிகாரம் சுற்றும் பக்கம்தான் இறுகும். மாட்டி முடித்ததும் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

“மாமா, நல்லா கேட்டுக்கோங்க. இனிமே இடது பக்கமும் வலது பக்கம் மாதிரியே. பழைய பழக்கத்துல திருப்புனா கழண்டுடும்.”

“சரி சரி.” அவர் வீலில் தெரிந்த தன் மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“நான் என்ன சொன்னேன், சொல்லுங்க?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ஸ்டியரிங் பிடிச்சவன்டா!”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இடது பக்கத்து வீல்கள்மேல், எந்தப் பக்கம் இறுக்க வேண்டும் என்று சிவப்புப் பெயின்டில் பெரிய அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆலை முற்றத்தில் பஸ் நின்றது. என்னையும் கூட்டிப் போயிருந்தார். ஆலைக்காரர் கண்ணெதிரே செய்து காட்டலாம் என்று, அன்றைக்கு மட்டும் நட்டுகளைப் பார்க்காமலே வண்டியை எடுத்து வந்திருந்தார். அம்புக்குறிகளைக் காணோம். வீலின் அழகு கெடுகிறதென்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டாராம். நான் வாயைத் திறப்பதற்குள் ஆலை அதிகாரி வந்துவிட்டார்.

“தினமும் செக் பண்ணாம வண்டியை எடுக்க மாட்டேன் சார்,” என்று மாமா ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வலது பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இடது பக்கம் போய், கை பழகிய திசையில் ஓர் அழுத்து அழுத்தினார். டக்கென்று சத்தம் கேட்டு நட்டு அசைந்தது.

“பாத்தீங்களா சார்? எவ்வளவு லூசா விட்டிருக்கான்! நான் பாக்கலேன்னா என்ன ஆகும்?”

நான் இறுக்கி வைத்ததைத் தளர்த்திவிட்டு, என்னையே குற்றம் சொல்கிறார். அடுத்த நட்டு, டக். அதற்கடுத்தது, டக். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, கூடவே பயமும். அதிகாரி முன்னால் கத்தினால் ஒப்பந்தம் போய்விடும். கத்தாவிட்டால் அந்தச் சக்கரத்தின் மேல்தான் என் அக்கா நிற்பாள்.

“மாமா, நிறுத்துங்க! நீங்க இறுக்கல, கழட்டுறீங்க!”

“என் வண்டியைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?” முகம் சிவந்து, மறுபடியும் ஸ்பேனரை நட்டில் மாட்டினார்.

படியில் நின்றிருந்த அக்கா தோள்பையோடு கீழே இறங்கினாள். “அவன் சொன்ன பக்கம் இறுக்குற வரைக்கும் நான் இந்த வண்டியில ஏற மாட்டேன். வேற யாரையும் ஏத்தவும் விட மாட்டேன்.”

மாமா அவளைப் பார்த்தார், வீலைப் பார்த்தார். பிறகு, தளர்ந்திருந்த ஒரு நட்டை விரலால் தொட்டுத் திருப்பினார். அது சுலபமாகச் சுற்றியது. அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஸ்பேனரை வாங்கி எல்லா நட்டுகளையும் நானே இறுக்கி முடித்தேன்.

அதிகாரி கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தினமும் இந்த நட்டை யார் பாப்பாங்க?”

மாமா வாயைத் திறந்தார். அக்கா என் கையிலிருந்த ஸ்பேனருக்காகக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை, மாமாவிடமே நீட்டினேன். அவர் அதை வாங்கினார். பிறகு அழுக்குத் துணியால் கைப்பிடியைத் துடைத்து, அக்காவின் கையில் வைத்தார்.

“இவதான் சார்.”

ஒப்பந்தம் கிடைத்தது. இப்போது தினமும் காலையில் அக்கா குனிந்து நட்டுகளை இறுக்குகிறாள். மாமா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே தலையை நீட்டி, “பாத்து, பாத்து” என்கிறார். அவள் இடது பக்கத்துக்கு வரும்போது அவருடைய வலது கை தானாகக் காற்றில் திரும்புகிறது. இன்னும் தப்பான பக்கம்தான்.