ஆடி மாதத்துக் குளம்

“அக்கா, குளத்துக்குக் கொஞ்சம் நீலம் பூசிவிடுங்கோவன்,” என்றார் யாழ்ப்பாணத்தில் புதிதாக ஹோட்டல் கட்டியிருப்பவர். ஹோட்டல் சுவருக்கென்று அவர் கேட்டதால் நான் வரைந்து கொண்டுபோன, வற்றிய குளத்தின் படம் அது.

ஐந்தாம் வகுப்பில் சித்திர ரீச்சரும் இதைத்தான் சொன்னார். குளம் கீறச் சொன்னதும் மற்றப் பிள்ளைகள் கண்ணால் காணாத மலையை நிறுத்தி, நீலத் தண்ணீரில் அன்னம் விட்டார்கள். நான் எங்கள் இணுவில் குளத்தை ஆடி மாதத்தில் இருக்கிறபடியே கீறினேன்: வெடித்த சேறு, புழுதி ஏறிய வெளிச்சம், நடுக்குளத்தில் மேயும் மாடுகள்.

“தண்ணி எங்கையடி?”

“மாரியிலை வரும் ரீச்சர்.”

“உந்தப் படத்தைப் பார்க்கத் தொண்டை வறளுது. நீலத்தைப் பூசு!”

நான் தூரிகையைக் கழுவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அந்த வெயிலில் அந்தக் குளத்துக்குக் குறுக்கே நடந்து பள்ளிக்கூடம் வந்தவள் நான். பார்க்கிறவருக்குத் தொண்டை வறளத்தான் வேண்டும். பள்ளிக்கூடம் விடும்வரை வெளியே நிற்கச் சொன்னார் ரீச்சர். நின்றேன்.

“மாரி வந்தால் பூசலாம் தம்பி,” என்றேன் ஹோட்டல்காரரிடம். “வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, கொண்டுபோறன்.”

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, மடமடவென்று குடித்தார்.